பெயரை அட்டையில் அச்சிட்ட நிறுவனம்: எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மீது இவ்வளவு கசப்பு ஏன்? (இணைய மன்றத்தில் ஓர் உரையாடல்)

பழந்தகடு

பரணைச் சுத்தம் செய்தபோது 1983-இல் வெளிவந்த ‘மியூல்’ என்ற கணினி ஆட்டத்தின் உறை கையில் கிடைத்தது. இசைத்தட்டு உறையைப் போன்ற தட்டையான அட்டை. விரித்தால் ஆட்டத்தை உருவாக்கியவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தில் ஆசிரியரை எப்படி அறிமுகப்படுத்துவார்களோ அப்படி. வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், சுருக்கமாக ஈ.ஏ.

இன்று இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறோம். அதே நிறுவனம்தான் ஒரு காலத்தில் இப்படியொரு அட்டையை அச்சிட்டது என்பதை இளையவர்கள் பலர் நம்பக்கூட மாட்டார்கள். அதனால் தொடக்கத்திலிருந்தே பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஆப்பிள் நிறுவனத்தில் வேலை பார்த்த டிரிப் ஹாக்கின்ஸ் அங்கிருந்து விலகி 1982-இல் இதைத் தொடங்கினார். முதலில் வைத்த பெயர் ‘அமேசின் சாஃப்ட்வேர்’. அது யாருக்கும் பிடிக்கவில்லை. ‘எலக்ட்ரானிக் ஆர்டிஸ்ட்ஸ்’ என்று மாற்றலாம் என்ற பேச்சு வந்தபோது, உடனிருந்த ஒருவர் மறுத்தார். கலைஞர்கள் நாம் அல்ல, ஆட்டத்தை உருவாக்குகிறவர்கள்தான் என்பது அவருடைய வாதம். அப்படித்தான் ‘ஆர்ட்ஸ்’ என்பது நிலைத்தது. நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு வாக்குறுதி இருந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை. அன்றைய பெரிய ஆட்ட நிறுவனமான அடாரி தன் புரோகிராமர்களின் பெயரை வெளியிடவே மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்தது. அந்த மனக்குறையோடு நான்கு பேர் வெளியேறியதால்தான் 1979-இல் ஆக்டிவிஷன் என்ற ஆட்ட நிறுவனம் பிறந்தது. ஈ.ஏ. அதற்கும் ஒரு படி மேலே போனது. ‘கம்ப்யூட்டரால் உங்களை அழவைக்க முடியுமா?’ என்று கேட்டு, ஆட்டம் எழுதியவர்களை இசைக் கலைஞர்களைப் போல நிற்கவைத்துப் படமெடுத்து, பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது.

மியூலில் ஏலம் விடும் கட்டத்தை விளையாடியவர்கள் மறக்க மாட்டார்கள். நான்கு பேர் ஒரே திரை முன்னால் உட்காருவோம். அடாரி 800 கணினியில் நான்கு ஜாய்ஸ்டிக் செருகலாம். விற்பவன் திரையின் மேலே நிற்பான், வாங்குபவன் கீழே நிற்பான். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளத் தள்ள விற்பவன் இறங்கி வருவான், விலையும் இறங்கும். வாங்குபவன் ஏறுவான், அவன் கொடுக்கும் விலை ஏறும். இருவரும் சந்திக்கும் கோட்டில் வியாபாரம் முடியும். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். உணவு தீர்ந்துபோனவன் கடைசி நொடியில் மேலே ஓடுவதையும், விற்பவன் அசையாமல் நின்று அவன் முகத்தைப் பார்ப்பதையும் சொல்லி விளக்க முடியாது. முன்னணியில் இருப்பவனுக்கு நல்ல அதிர்ஷ்டம் வராது, கடைசியில் இருப்பவனுக்குக் கெட்டது வராது என்றும் ஒரு விதி வைத்திருந்தார்கள். வடிவமைத்தவர் டேனியெல் பண்டன் பெர்ரி. அன்று டான் பண்டன் என்ற பெயரில் எழுதினார். பிற்பாடு சிம்சிட்டியை உருவாக்கிய வில் ரைட் ‘தி சிம்ஸ்’ ஆட்டத்தை அவருடைய நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

இந்த நிலையிலிருந்து நிறுவனம் எப்படி வழுக்கியது? உங்கள் கணக்கில் முறிவு எந்த ஆண்டு?

கணக்குப்பிள்ளை

மியூல் அருமையான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அது விற்றது ஏறத்தாழ முப்பதாயிரம் பிரதிகள்தான். அழகான உறையை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் சம்பளம் கொடுக்க முடியாது. அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவை இரண்டு.

ஒன்று, விளையாட்டு ஆட்டங்கள். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜான் மேடனிடம் பெயரைக் கேட்டுப் போனார்கள். அவர் விமானத்தில் ஏற மாட்டார் என்பதால் ரயிலில் கூடவே பயணம் செய்து பேசினார்கள். அன்றைய கணினியில் அணிக்கு ஆறேழு பேரைக் காட்டுவதே பெரும்பாடு. பதினோரு பேர் இல்லையென்றால் அது உண்மையான ஆட்டமே இல்லை, என் பெயரைத் தர மாட்டேன் என்று மேடன் சொல்லிவிட்டார். அதைச் சாதிக்க ஆண்டுகள் பிடித்தன. முதல் பதிப்பு 1988-இல்தான் வந்தது. ஒரு நிபுணர் சொன்ன ஒரே சொல்லுக்காக அவ்வளவு காலம் காத்திருந்ததும் இதே ஈ.ஏ.தான்.

இன்னொன்று சேகா ஜெனசிஸ். அந்தக் கன்சோலுக்கு ஆட்டம் வெளியிட வேண்டுமென்றால் சேகா கேட்ட ராயல்டியைக் கொடுத்தாக வேண்டும். ஈ.ஏ. பொறியாளர்கள் அந்த இயந்திரம் இயங்கும் விதத்தைத் தாங்களே ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். 1990-இல் சேகா முன் உட்கார்ந்து, உங்கள் உரிமம் இல்லாமலே எங்களால் கார்ட்ரிட்ஜ் தயாரிக்க முடியும் என்றார்கள். சேகா இறங்கி வந்து மிகக் குறைந்த ராயல்டிக்கு ஒப்புக்கொண்டது. 1993-இல் ஃபிஃபா என்ற கால்பந்து ஆட்டம் வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது.

இவை இரண்டும் வியாபாரம்தான். ஆனால் கெட்டிக்காரத்தனமான, தைரியமான வியாபாரம்.

பழந்தகடு

ஒப்புக்கொள்கிறேன், மேடன் கதையை நான் விட்டிருக்கக் கூடாது. ஆனால் கவனியுங்கள், அட்டையில் இருந்த பெயர் அங்கேயே மாறிவிட்டது. ஆட்டத்தை எழுதியவரின் பெயர் இருந்த இடத்தில் விளையாட்டுப் பயிற்சியாளரின் பெயர் வந்து உட்கார்ந்தது. 1991-இல் ஹாக்கின்ஸ் தலைமைப் பொறுப்பை லாரி ப்ராப்ஸ்டிடம் கொடுத்துவிட்டு 3டிஓ என்ற தன் புதிய நிறுவனத்தின் பக்கம் போனார். என் கணக்கில் முறிவு அங்கே தொடங்குகிறது.

மஞ்சள்குருவி

என் கணக்கில் அது 1992. அதற்குச் சாட்சி ஓர் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஆரிஜின் என்ற ஆட்ட நிறுவனம் ‘அல்டிமா 7’ ஆட்டத்தை வெளியிட்டது. ஈ.ஏ.வோடு ஆரிஜினுக்கு ஏற்கெனவே விநியோகத் தகராறு உண்டு. ஆரிஜின் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வாசகம் ‘நாங்கள் உலகங்களைப் படைக்கிறோம்’. அல்டிமா 7-இன் வில்லனோ உலகங்களை அழிப்பவன். அவனுக்காக நாடெங்கும் அலைந்து கொலைக்கு வழிவகுக்கும் இருவரின் பெயர் எலிசபெத், ஆபிரகாம். முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள். வில்லன் நிறுவிய மூன்று மந்திர இயந்திரங்களை நாம் உடைக்க வேண்டும். ஒன்று கனசதுரம், ஒன்று கோளம், ஒன்று நான்முகி. அன்றைய ஈ.ஏ. சின்னத்தில் இருந்தவை சதுரம், வட்டம், முக்கோணம்.

அந்த மூன்றையும் உடைத்து ஆட்டத்தை முடித்தவர்களுக்குச் சில மாதங்களிலேயே செய்தி வந்தது. செப்டம்பரில் ஆரிஜினை ஈ.ஏ. வாங்கிவிட்டது.

அதன்பின் அல்டிமா 8 கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்று அரைகுறையாக வெளிவந்தது. அல்டிமா 9 பிழைகளோடு வந்தது. 2004-இல் ஆரிஜின் மூடப்பட்டது. ஈ.ஏ. மூடிய மற்ற ஸ்டூடியோக்களையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். புல்ஃப்ராக்: வாங்கியது 1995, மூடியது 2001. வெஸ்ட்வுட்: 1998, 2003. பாண்டமிக்: வாங்கி இரண்டு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை, 2009-இல் மூடப்பட்டது. சிம்சிட்டி பிறந்த மேக்சிஸின் எமரிவில் அலுவலகம் 2015-இல், விசெரல் 2017-இல்.

இது வெறும் பட்டியலாக எனக்குத் தெரியவில்லை. டஞ்சன் கீப்பர் என்ற ஆட்டம் புல்ஃப்ராக்கின் பிள்ளை. 2014-இல் அதே பெயரில் ஒரு கைப்பேசி ஆட்டம் வந்தது. ஒரு பாறையை வெட்டச் சொன்னால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். இதை ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்தது தவறு என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தீர்ப்புச் சொன்னது. ஸ்டூடியோவை மூடியதைக்கூட மன்னிக்கலாம். இறந்தவர் பெயரில் கடை நடத்துவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை

மஞ்சள்குருவி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் மூடப்பட்ட ஸ்டூடியோக்களை எல்லாம் ஒரே கொலைக் கணக்கில் எழுத முடியாது. விற்றவர்களும் பெரியவர்கள்தான், விலை பேசித்தான் விற்றார்கள். ஆரிஜினுக்கு அந்தச் சமயத்தில் பெரிய ஆட்டங்களுக்குப் பணம் திரட்டுவதே கஷ்டமாக இருந்தது.

இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். 2007 முதல் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜான் ரிச்சிட்டியெல்லோ, 2008-இல் ஒரு மாநாட்டு மேடையில் புல்ஃப்ராக், வெஸ்ட்வுட், ஆரிஜின் பெயர்களைச் சொல்லி, நாங்கள் கெடுத்துவிட்டோம், அதில் எனக்கும் பங்கு உண்டு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வாங்கிய ஸ்டூடியோவின் மீது நம் முத்திரையைக் குத்தி அடக்கி ஆள்வது பலிக்காது என்றார். எத்தனை நிறுவனத் தலைவர்கள் இதைச் சொல்வார்கள்?

இரவுப்பணி

ஒப்புக்கொண்டது நல்லதுதான். ஆனால் நீங்கள் எல்லோரும் ஸ்டூடியோக்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஆட்களைப் பற்றிப் பேச வந்தேன்.

2004 நவம்பரில் ஈ.ஏ. ஊழியர் ஒருவரின் துணைவி, பெயர் சொல்லாமல் இணையத்தில் ஒரு கடிதம் எழுதினார். வாரத்தில் ஏழு நாளும் காலை ஒன்பது மணிமுதல் இரவு பத்து மணிவரை கட்டாய வேலை. எப்போதாவது சனிக்கிழமை மாலை ஆறரைக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள். கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் இல்லை, ஈட்டு விடுப்பும் இல்லை. அந்தக் கடிதம் துறை முழுவதையும் உலுக்கியது. ஊழியர்கள் தொடுத்த வழக்குகளில் ஓவியக் கலைஞர்களுக்கு 1 கோடியே 56 லட்சம் டாலரும், புரோகிராமர்களுக்கு 1 கோடியே 49 லட்சம் டாலரும் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. சிலரை மணிக்கணக்குச் சம்பளத்துக்கு மாற்றி, கூடுதல் நேரத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது.

நான் பத்து ஆண்டுகள் ஓர் ஆட்ட ஸ்டூடியோவில் இருந்தவன். எந்த ஸ்டூடியோ என்பது இங்கே தேவையில்லை. அந்தக் கடிதத்தை நான் படித்தது ஓர் ஆட்டம் முடியும் தறுவாயில், இரவு பதினோரு மணிக்கு, அலுவலகத்தில். பக்கத்து மேசையில் இருந்தவர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார், திரையில் பிழைப் பட்டியல் அப்படியே திறந்திருந்தது. வீட்டுக்குப் போனபோது என் தட்டை இன்னொரு தட்டால் மூடிவைத்துவிட்டு மனைவி தூங்கியிருந்தாள். எழுப்பி, இதைப் படி என்று கைப்பேசியை நீட்டக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. மறுநாள் காலை கடிதத்தை அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் அதன் ஓரத்தில் அவள் பென்சிலால் மூன்று இடங்களில் கோடு போட்டிருந்தாள்.

கலைஞர்கள் என்று சொல்லி ஆரம்பித்த நிறுவனம் கலைஞர்களின் தூக்கத்துக்குக் கணக்கு வைக்கவில்லை. என் கணக்கில் முறிவு அதுதான்.

நடுக்கோடு

2004-ஐப் பற்றிப் பேசும்போது அதே ஆண்டு டிசம்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டி நிறுவனம் தன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை வெறும் 20 டாலருக்குக் கொடுத்தது. அந்த அழுத்தத்தில் மேடன் ஆட்டத்தின் விலையும் 30 டாலருக்கு இறங்கியது. அடுத்து நடந்தது, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அமைப்போடு ஈ.ஏ. தனியுரிமை ஒப்பந்தம் போட்டது. இனி அந்த அணிகளையும் வீரர்களையும் வைத்து வேறு யாரும் அத்தகைய ஆட்டம் வெளியிட முடியாது. போட்டியில் வெல்வதற்குப் பதிலாகப் போட்டியையே வாங்கிவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு 2012-இல் 2 கோடியே 70 லட்சம் டாலருக்குச் சமரசமானது.

மூன்றாம்சுற்று

2012, 2013 இரண்டு ஆண்டும் ‘கன்ஸ்யூமரிஸ்ட்’ என்ற நுகர்வோர் தளத்தின் வாக்கெடுப்பில் அமெரிக்காவின் மிக மோசமான நிறுவனம் என்ற பட்டம் ஈ.ஏ.வுக்குக் கிடைத்தது. இறுதிச் சுற்றில் தோற்றது பேங்க் ஆஃப் அமெரிக்கா. வீட்டுக்கடன் நெருக்கடியில் வீடு இழந்தவர்கள் வாழும் நாட்டில் ஒரு ஆட்ட நிறுவனம் முதலிடம் பெற்றது அளவுக்கு மீறியது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கோபம் எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. ரசிகர்களை ஏமாற்றிய மாஸ் எஃபெக்ட் 3 ஆட்டத்தின் கதை முடிவு ஒருபக்கம். சிம்சிட்டி இன்னொரு பக்கம்.

2013 மார்ச்சில் சிம்சிட்டியைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் முதல் நாளே சர்வருக்குள் நுழைய முடியாமல் வரிசையில் நின்றார்கள். தனியாக உட்கார்ந்து நகரம் கட்டும் ஆட்டத்துக்கு எதற்கு இணையம் என்று கேட்டதற்கு, கணக்கீடுகள் எங்கள் சர்வரில் நடக்கின்றன என்று பதில் வந்தது. ஆர்வலர்கள் நிரலைத் திருத்தி, இணைப்பு இல்லாமலும் நகரம் ஓடுவதைக் காட்டினார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்து இணையம் இல்லாமல் விளையாடும் வசதியை நிறுவனமே கொடுத்தது. பிழை செய்வது வேறு. முடியாது என்று சொன்னதை ஓராண்டில் முடித்துக் காட்டினால் அடுத்த முறை யார் நம்புவார்கள்?

பெயர் கெட்டது ஆட்டங்களால் மட்டும் இல்லை, அந்தப் பதில்களால்தான். 2017-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ பட உலகை வைத்து பேட்டில்ஃப்ரண்ட் 2 வந்தபோதும் அதே கதை. டார்த் வேடர் பாத்திரத்தைத் திறக்க, விளையாடிச் சேர்க்கும் ஆட்டப் பணமான கிரெடிட் 60,000 வேண்டும். கணக்குப் போட்டவர்கள் நாற்பது மணிநேரம் விளையாட வேண்டும் என்றார்கள். வெவ்வேறு நாயகர்களைத் திறக்கும்போது வீரர்களுக்குப் பெருமிதமும் சாதித்த உணர்வும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று ரெடிட் என்ற இணைய மன்றத்தில் நிறுவனம் விளக்கியது. அந்தப் பதிலுக்கு விழுந்த எதிர் வாக்குகள் 6.5 லட்சத்துக்கும் மேல், கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. வெளியீட்டுக்கு முந்தைய நாள், ஆட்டத்துக்குள் காசுக்கு விற்பதை நிறுத்தினார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஃபிஃபாவின் (2023 முதல் அதன் பெயர் ‘ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி.’) அல்டிமேட் டீம், வீரர்களை அட்டைகளாகச் சேர்த்து அணி கட்டும் பகுதி. அட்டைப் பொதியை வாங்கித் திறக்கும் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். திரை இருளும், வெளிச்சம் பாயும். முதலில் ஒரு நாட்டின் கொடி. பிறகு ஆடும் இடம். பிறகு கிளப்பின் சின்னம். ஒவ்வொன்றும் ஒரு நொடி இடைவெளியில் வரும், கடைசியில்தான் வீரர். பிரேசில் கொடி வந்தால் நெஞ்சு படபடக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பொத்தானை அழுத்தியதும் முடிவாகிவிட்டது, அந்த இடைவெளி முழுவதும் நெஞ்சுக்காக மட்டும். அடுத்த ஆண்டு புதிய பதிப்பு வந்தால் சேர்த்த அட்டைகள் கூடவே வராது.

2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ் (உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டி) சூதாட்டமே என்றது. 2019 தொடக்கத்தில் அங்கே பொதி வாங்கப் பயன்படும் ஃபிஃபா பாயிண்ட் விற்பனையை ஈ.ஏ. நிறுத்தியது. அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் ஈ.ஏ. பிரதிநிதி இவற்றை ‘வியப்பூட்டும் இயங்குமுறைகள்’ என்றார். நெதர்லாந்தில் விதித்த 1 கோடி யூரோ அபராதத்தை 2022-இல் மேல்முறையீட்டில் ரத்து செய்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அல்டிமேட் டீம் வழியாக வந்தது 162 கோடி டாலர். மொத்த வருவாய் 563 கோடி. நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அந்த ஒரு நொடி இடைவெளியில் இருந்து வந்தது.

கணக்குப்பிள்ளை

அல்டிமேட் டீம் விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன், அதை என்னாலும் தாங்கிப் பேச முடியாது.

ஆனால் 2017-க்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். ரெஸ்பான் ஸ்டூடியோவை வாங்கினார்கள், மூடவில்லை. 2019-இல் அவர்களின் ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ ஆட்டம் முன்னறிவிப்பே இல்லாமல் வந்து ஒரே வாரத்தில் இரண்டரைக் கோடி பேரைச் சேர்த்தது. அதே ஸ்டூடியோ அதே ஆண்டு லூட் பாக்ஸ் ஏதுமில்லாத, தனி ஒருவர் விளையாடும் ஸ்டார் வார்ஸ் ஆட்டமும் கொடுத்தது. ஹேஸ்லைட் என்ற சிறிய ஸ்டூடியோ உருவாக்கிய ‘இட் டேக்ஸ் டூ’ 2021-இன் சிறந்த ஆட்டமாகத் தேர்வானது. அதில் நண்பருக்கு இன்னொரு பிரதி வாங்கவே தேவையில்லை, ஒருவர் வாங்கினால் போதும். அதை வெளியிட்டதும் ஈ.ஏ. அதே 2021-இல், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் சில காப்புரிமைகளைப் போட்டியாளர்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள்.

எனக்கு இப்போது பயம் வேறு. 2025 செப்டம்பரில் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியமும், சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து ஈ.ஏ.வை 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் அறிவித்தன. அதில் 2,000 கோடி கடன். கடனுக்கு வட்டி கட்ட வேண்டியது ஆட்டங்கள்தான். அப்போது மியூல் மாதிரி முப்பதாயிரம் பிரதி விற்கும் ஆட்டத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

மஞ்சள்குருவி

அந்தக் கேள்வியை நீங்களே கேட்டது எனக்கு ஆறுதலாக இருக்கிறது, கணக்குப்பிள்ளை.

புதுவரவு

எல்லாவற்றையும் படித்தேன். நான் பிறந்ததே 2004-இல். புல்ஃப்ராக், வெஸ்ட்வுட் எல்லாம் எனக்குப் பெயர்கள் மட்டும்தான். அவர்கள் செய்ததை இப்போது பார்க்க வழி உண்டா? பழைய கணினி தேவையா?

பழந்தகடு

தேவையில்லை தம்பி. வெஸ்ட்வுட்டில் இருந்து தொடங்குங்கள்.

2020-இல் வெஸ்ட்வுட்டின் ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ போர் ஆட்டத்தின் முதல் இரண்டு பாகங்களையும் புதுப்பித்து வெளியிட்டார்கள். வேலையைச் செய்தது பெட்ரோகிளிஃப், வெஸ்ட்வுட்டின் பழைய ஆட்கள் சேர்ந்து நடத்தும் ஸ்டூடியோ. மூடிய வீட்டின் ஆட்களையே அழைத்து அந்த வீட்டைச் செப்பனிடச் சொன்னதற்கு ஈ.ஏ.வை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டினால் புதிய படத்திலிருந்து 1995-இன் பழைய படத்துக்குப் போகலாம். தட்டித் தட்டிப் பாருங்கள், பழையவர்கள் எவ்வளவு குறைந்த புள்ளிகளில் ஒரு டாங்கியைக் காட்டினார்கள் என்று தெரியும்.

அத்தோடு நிற்கவில்லை. அந்த ஆட்டங்களின் மூல நிரலையும் ஜி.பி.எல். உரிமத்தில் திறந்துவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஜெனரல்ஸ் உட்பட இன்னும் சில பாகங்களின் நிரலையும் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம்.

நேற்று இரவு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். முதல் பாகத்தில் பல கோப்புகளைத் திறந்தால் மேலே நட்சத்திரக் குறிகளால் கட்டம் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் கோப்பின் பெயர். அடுத்த வரியில் ‘புரோகிராமர்’ என்று போட்டு, எழுதியவரின் முழுப் பெயர். அதற்கடுத்து எழுதத் தொடங்கிய தேதி, 1994-இல் ஏதோ ஒரு நாள்.